ஜட்கா ஓட்டிய கை

கேள்வி: எனக்கு வயது 31. வேலூர் மாவட்டத்தில், சித்தூர் போகும் சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் பரதராமி எங்கள் ஊர். பெங்களூரில் வேலை பார்த்தபோது இரண்டு வருடம் சனி, ஞாயிறுகளில் குதிரையேற்றம் கற்றேன். கேன்டர் என்கிற நிதானமான பாய்ச்சல் வரை வந்துவிட்டேன். எட்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் சரியாக வேலை செய்யவில்லை, பேச்சும் குழறுகிறது. வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு அவரைக் கவனித்துக்கொள்கிறேன். அம்மாவால் தனியாகத் தூக்க முடியாது என்பதால் அரை நாள்கூட வெளியே போக முடிவதில்லை. கற்றதெல்லாம் மறந்துபோகும் என்று பயமாக இருக்கிறது. வீட்டில் இருந்தபடியே குதிரையோடு தொடர்பை எப்படி வைத்துக்கொள்வது? கொல்லையில் இடம் இருக்கிறது, ஒரு மட்டக்குதிரை வாங்கிக் கட்டலாமா? அம்மா கூடாது என்கிறார். அப்பா ஒரு காலத்தில் குடியாத்தம் ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவர். ஷேர் ஆட்டோ வந்ததும் குதிரையை விற்றுவிட்டார். அவரும் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிகளில்தான் என் கண் நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மட்டக்குதிரை.

வேண்டாம். அம்மா சொல்வதுதான் சரி. முப்பது வருடமாகக் குதிரைகளுக்கு மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கொல்லையில் ஒற்றையாகக் கட்டிய குதிரையைப் போல மனதை வருத்தும் காட்சி எனக்கு வேறு இல்லை. குதிரை கூட்டமாக வாழப் பிறந்தது. நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. லேசான தூக்கத்தை நின்றபடி முடித்துக்கொள்ளும். ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். பக்கத்தில் இன்னொரு குதிரை விழித்துக் காவல் நிற்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் நிம்மதியாகப் படுக்கும். அப்புறம் வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது ஒரே வழியில்தான் வெளியே வர வேண்டும். நடுவில் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. ராத்திரி இரண்டு மணிக்கு அது காலால் மண்ணைப் பறித்து விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும்போது, உள்ளே அப்பா இருமினால் யாரிடம் ஓடுவீர்கள்? நன்றாகப் பார்த்துக்கொண்டால் மட்டக்குதிரை 25 வருடத்துக்கு மேலும் வாழும். இப்போதைய ஏக்கத்துக்காக அவ்வளவு நீண்ட பொறுப்பை ஏற்காதீர்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். எனக்கும் அது நேர்ந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்குதிரையின் பின்பக்கமாகப் பேச்சுக் கொடுக்காமல் போனேன். குதிரைக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும், ஆனால் நேர் பின்னால் தெரியாது. மூக்குக்கு நேர் முன்னாலும் கொஞ்சம் இடம் தெரியாது. இதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்று அவசரத்தில் மறந்தேன். முட்டிக்குக் கீழே எலும்பு உடைந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தேன். குதிரைகளை விட்டுப் பிரிந்துவிட்டேன் என்றுதான் முதல் பத்து நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குதிரைகளைப் பார்த்துக்கொண்ட ஆள் தினமும் சாயங்காலம் போன் செய்வார். "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்பார். எனக்கு அது போதவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தேன். விலாவைப் பார்த்து அரை நிமிடம் மூச்சை எண்ணி இரண்டால் பெருக்கிச் சொல்லுங்கள் என்றேன். ஓய்வாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும். ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள், வெளுத்த இடம் எத்தனை நொடியில் சிவக்கிறது? இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். காலையிலிருந்து எத்தனை தடவை லத்தி போட்டது, உருண்டை நொறுங்குகிறதா, கொழகொழ என்று இருக்கிறதா? காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? ஒரு வாரத்தில் அவரே நான் கேட்பதற்கு முன் சொல்லத் தொடங்கிவிட்டார். மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலோடு லாயத்துக்குப் போனபோது, ஒவ்வொரு குதிரையையும் முன்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தேன். கண்ணால் பார்க்கும்போது "பார்த்துவிட்டோம்" என்று நகர்ந்துவிடுகிறோம். இன்னொருவர் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தால் எதைக் கேட்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதையே நீங்களும் செய்யலாம். உங்கள் வட்டாரத்தில் கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் குதிரை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய ஜட்காக் குடும்பங்களில் இன்னும் ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர்களும் உண்டு. அப்பாவின் பழைய சிநேகிதர்களைக் கேட்டால் ஒரு போன் எண்ணாவது கிடைக்கும். அவரிடம், "உங்கள் குதிரைக்கு நான் கணக்கு எழுதித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். லாடம் அடித்த தேதியைக் குறியுங்கள். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் ஆறு முதல் எட்டு வாரத்தில் லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். பலர் இரும்பு தேய்ந்த பிறகுதான் அடிப்பவரைத் தேடுவார்கள், அதற்குள் குளம்பு நீண்டு காலின் தசைநாண் இழுத்துக்கொள்ளும். பூச்சி மருந்து கொடுத்த நாள், டெட்டனஸ் ஊசி போட்ட நாள் இரண்டும் நோட்டில் இருக்கட்டும். டெட்டனஸ் குதிரையை மிகச் சுலபமாகத் தாக்கும். கிருமி மண்ணிலும் லத்தியிலுமே இருக்கிறது, ஓர் ஆணி குத்தினால் போதும். இந்தத் தேதிகளை நினைவில் வைத்து முந்தின வாரமே போன் செய்து சொல்கிற ஆள் கிடைப்பது அந்தக் குதிரைக்குப் பெரிய புண்ணியம். முடிந்தால் மாதம் ஒரு மூட்டை கோதுமைத் தவிடும் அனுப்பிவையுங்கள். அப்போது அவருக்கும் நீங்கள் சும்மா விசாரிக்கிறவர் என்று தோன்றாது.

வாரம் ஒரு தடவை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் குதிரை அழகாக நிற்கிற வீடியோ வேண்டாம். கெட்டியான தரையில், லகானைத் தளரப் பிடித்து, முதலில் போனை விட்டு விலகி நேராக நடக்கட்டும், பிறகு போனை நோக்கி நேராக வரட்டும். அப்புறம் பக்கவாட்டில், துள்ளு நடையில் ஒரு தடவை. அரை நிமிடம் போதும். பார்க்க வேண்டியது தலையை. முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையைத் தொடும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். பின்னங்கால் என்றால், பின்னாலிருந்து பார்க்கும்போது வலிக்கிற பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகம் ஏறி இறங்கும். முதல் பத்து வீடியோவில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பதினொன்றாவதில் திடீரென்று தெரியும். அதன்பிறகு தெருவில் போகிற எந்தக் குதிரையையும், மாட்டையும் பார்க்காமல் விட முடியாது.

அதன்பின் கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். இதை நான் மிகவும் நம்புகிறேன். நடைக்கு நான்கு தட்டு: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். நான்கும் ஒரே இடைவெளியில் "தகதிமி" என்று வர வேண்டும். துள்ளு நடையில் ஒரு பக்கத்து முன்னங்காலும் மறுபக்கத்துப் பின்னங்காலும் ஜோடியாக விழுவதால் "தக, தக" என்று இரண்டே தட்டு. நீங்கள் கற்ற கேன்டருக்கு மூன்று, "தகிட", கடைசியில் ஒரு கணம் நான்கு காலும் காற்றில். வலது முன்னங்கால் முந்துகிற கேன்டர் என்றால் முதலில் இடது பின், அடுத்து வலது பின்னும் இடது முன்னும் சேர்ந்து, கடைசியில் வலது முன். இரண்டு கையின் ஆள்காட்டி விரலையும் முன்னங்கால்களாகவும் நடுவிரல்களைப் பின்னங்கால்களாகவும் வைத்துக்கொண்டு மேஜையில் தட்டிப் பாருங்கள். அலுவலக மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டுக்கூடச் செய்யலாம். நடையிலிருந்து துள்ளலுக்கு, துள்ளலிலிருந்து கேன்டருக்கு, திரும்பி நடைக்கு. விரல்கள் இதைச் சரளமாகப் பிடித்துக்கொண்டால், மறுபடி சேணத்தில் உட்காரும்போது இடுப்பு அதை மறந்திருக்காது. மனிதக் கண்ணுக்கு இந்தக் கால்கள் அவ்வளவு லேசில் பிடிபடவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் பிடித்த பிறகுதான், நாலுகால் பாய்ச்சலில் நான்கு காலும் தரையை விட்டு எழுவது வயிற்றுக்குக் கீழே அவை மடங்கியிருக்கும்போது என்று தெளிவாயிற்று. அதுவரை ஓவியர்கள் முன்னங்காலை முன்னாலும் பின்னங்காலைப் பின்னாலும் நீட்டித்தான் வரைந்துகொண்டிருந்தார்கள்.

மாடியோ வாசலோ 13 அடி நீளமும் ஆறரை அடி அகலமும் உள்ள இடம் இருந்தால் இன்னொன்று செய்யலாம். டிரெசாஜ் என்பது குதிரையை வகுத்த வரிசைப்படி துல்லியமாக நடத்திக் காட்டுகிற போட்டி. அதன் களத்தில் சின்னது 40 மீட்டருக்கு 20 மீட்டர். அந்தக் களத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 4 மீட்டருக்கு 2 மீட்டர். கோலமாவால் செவ்வகம் போடுங்கள். நுழைகிற குறுகிய பக்கத்தின் நடுவில் ஏ. அங்கிருந்து இடப்பக்கமாகக் கே, ஈ, எச், எதிர்ப்பக்க நடுவில் சி, வலப்பக்கமாகத் திரும்பி வந்தால் எம், பி, எஃப். ஈ, பி இரண்டும் நீளப் பக்கங்களின் நடுவில். மூலை எழுத்துகள் நான்கும் மூலையிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி. 20 மீட்டர் வட்டம் உங்கள் மாடியில் 2 மீட்டர் வட்டம். காலையில் அப்பா எழுவதற்கு முன் பதினைந்து நிமிடம் அதில் நடங்கள். போகப்போகிற அடுத்த எழுத்தை முன்கூட்டியே பாருங்கள், தோள் வட்டத்தோடு திரும்பட்டும். பெரிய போட்டியாளர்களும் தங்கள் வரிசையை இப்படி வெறுங்காலில் நடந்து மனப்பாடம் செய்வதுண்டு. 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வல்லா, ஹிருதய் செடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா நால்வரும் டிரெசாஜ் குழுத் தங்கம் வாங்கினார்கள். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 1982 டெல்லிக்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம் அது. ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சமமாக இறங்குகிற விளையாட்டு என்பதும் எனக்கு இதில் பிடித்த விஷயம். அந்தச் சவாரிகளைப் பார்க்கும்போது ஒரு தடவை குதிரையின் காதுகளை மட்டும் பாருங்கள், அடுத்த தடவை சவாரி செய்பவரின் முழங்காலுக்குக் கீழே மட்டும்.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது உங்கள் அடிவயிறும் தொடையும் செய்கிற வேலை, சேணத்தில் செய்த அதே வேலை. முதுகை வளைக்காமல், அவரை உடம்போடு ஒட்டி அணைத்து, முழங்காலை மடக்கி எழுந்திருங்கள். முறையை அவருடைய பிசியோதெரபிஸ்டிடம் ஒரு தடவை நேரில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் முதுகு போனால் இரண்டு வேலையும் நின்றுவிடும்.

இனி அப்பா.

ஒரு ஜட்காக்காரருக்கு என்னென்ன தெரியும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா அம்மா? எனக்குக் கல்லூரியில் சொல்லித் தராத பலவற்றை நான் ஜட்காக்காரர்களிடம்தான் கற்றேன். "சார், கொஞ்சம் முன்னாலே வாங்க, வண்டி தூக்குது" என்று சவாரிகளை நகரச் சொல்வார்களே, அதில் எவ்வளவு இருக்கிறது! இரண்டு சக்கர வண்டியில் பாரம் பின்னால் போனால் முன்கட்டைகள் மேலே எழும்பி, நெஞ்சுக்குக் கீழே போகிற வார் குதிரையை இறுக்கும். பாரம் முன்னால் வந்தால் எல்லாம் முதுகில் அழுந்தும். ஏறுகிற ஒவ்வொருவரின் எடையையும் கண்ணால் அளந்து, குதிரைக்கு நோகாத அந்த நடுப்புள்ளியைத் தினம் இருபது தடவை கண்டுபிடித்தவர் உங்கள் அப்பா. பெங்களூரில் உங்கள் ஆசிரியர் "பின்னால் சாயாதே" என்று சொன்னதும் அந்தப் புள்ளியைப் பற்றித்தான். முதுகின் மேல் உட்காராமலே, ஐந்தடி பின்னாலிருந்து, இரண்டு வாரின் வழியாகக் குதிரையின் வாயை உணர்ந்தவர் அவர். கூட்டத்தில், ஹாரன் சத்தத்தில், எதிரே வருகிற பஸ்ஸைப் பார்த்துக் குதிரை மிரளும் முன்பே அது அவர் விரலுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பேச்சு குழறுவதால் இருக்கலாம். ஆனால் குதிரையை விற்ற பல பேரை எனக்குத் தெரியும். விற்ற நாளைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. அதனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: விற்ற கதையை அவராகச் சொல்லும்வரை கேட்காதீர்கள். மட்டக்குதிரைப் பேச்சையும் அவர் எதிரே எடுக்காதீர்கள்.

கொள்ளிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊர்க் காட்டில் மானாவாரியாக விளைகிற கொள்ளுதான், எல்லைக்கு அந்தப் பக்கம் உலவலு என்பார்களே, அதேதான். அவர் அறைக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாக வேகவையுங்கள். அந்த வாசனை அவருக்கு அதிகாலை நான்கு மணி லாயத்தின் வாசனை. வேறு எதுவும் சொல்ல வேண்டாம். எவ்வளவு நேரம் வேகணும், நீரை வடிக்கணுமா, தவிட்டோடு சேர்த்தா தனியாகவா என்று சமையல் சந்தேகம் போலக் கேளுங்கள். ஆமாம், இல்லை என்று தலையாட்டுகிற கேள்விகளாக இருந்தால் குழறுகிற பேச்சு அவரைக் கூச வைக்காது.

அடுத்து ஒரு தாளில் குதிரையின் வெளிக்கோட்டை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் முகத்துக்கும் வரைந்து, ஒரு பென்சிலை அவருடைய வலது கையில் கொடுங்கள். அவர் வைத்திருந்த குதிரைக்கு எங்கெங்கே சுழி இருந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். சுழி பார்க்காமல் நம் பக்கத்தில் யாரும் குதிரை வாங்கியதில்லை. ராஜ சுழி, அது இதென்று அதில் அதிர்ஷ்டம் பார்ப்பதை ஒரு மருத்துவனாக நான் ஏற்பதில்லை. ஆனால் சுழி ஒரு குதிரைக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. சர்வதேசப் போட்டிக் குதிரைகளின் பாஸ்போர்ட்டிலும் அடையாளமாகச் சுழிகளையும் இப்படி வெளிக்கோட்டுப் படத்தில் குறிக்கிறார்கள். நான்கு காலும் நெற்றியும் வெள்ளையா, அதாவது பஞ்சகல்யாணியா, காதில் வெட்டு இருந்ததா, எந்தப் பக்கம் கடிக்க வரும், எந்தச் சத்தத்துக்கு மிரளும், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தெலுங்கில் அதட்டினாரா தமிழிலா, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொள்ளுங்கள். ஜட்காவும் போய், ஓட்டியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் யாரும் எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கடைசியாக வார். இரண்டு நீளத் துணி நாடாக்களை எடுத்து ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சாண் சைக்கிள் டியூபை முடிச்சிட்டுக்கொள்ளுங்கள், குதிரையின் வாய் போலக் கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும். நீங்கள் அவருக்கு எதிரே முதுகு காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, நாடாவின் முனைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள்தான் குதிரையின் வாய். மறுமுனை அவர் கையில். இடது கைக்கு எவ்வளவு இழுவை கொடுக்கலாம் என்று முதலில் அவர் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் இரண்டு வாரையும் வலது கையிலேயே பிடிக்கட்டும். மறுகையில் சாட்டை இருந்த நாளெல்லாம் அவர் அப்படித்தானே ஓட்டியிருப்பார். அவர் திருப்பச் சொல்கிற பக்கம் நீங்கள் திரும்புங்கள், நிறுத்தினால் நில்லுங்கள். எவ்வளவு குறைவாக இழுத்து அதைச் சொல்கிறார் என்று கவனியுங்கள். குதிரையேற்றப் பள்ளிகளிலும் மாணவர்களை ஜோடியாக உட்காரவைத்து இந்தப் பயிற்சியைச் செய்வதுண்டு, ஆனால் அங்கே மறுமுனையில் இருப்பவரும் உங்களைப் போலக் கற்றுக்கொள்கிறவராகத்தான் இருப்பார்.

இந்தப் பதிலோடு இரண்டு ஒலிப்பதிவுகளை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இரண்டும் தார்ச்சாலையில் வண்டி இழுத்துக்கொண்டு துள்ளு நடையில் போகிற குதிரைகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். ஒரு குதிரைக்கு முன்னங்காலில் லேசான நொண்டல் இருந்தது. நான் பார்த்து, குளம்பில் ஆணி நெருக்கியிருந்ததை எடுத்துவிட்டேன், இப்போது நன்றாக இருக்கிறது. அது முதல் பதிவா இரண்டாவதா என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. அப்பா நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலை நேரத்தில், எதுவும் விளக்காமல், அவர் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஓடவிடுங்கள். ஒரு விரலைக் காட்டினாரா, இரண்டு விரலைக் காட்டினாரா என்று எனக்கு எழுதுங்கள்.